குடும்பம் முதல் என்பவர்கள் எந்த இணையத்தைக் கேட்க வேண்டும்?

பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று தமிழ் பேசும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. இங்கே குடும்பங்களை முன்னிறுத்திப் பேசும் சிறு குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். கட்சி கிடையாது, தேர்தலில் நிற்பதும் கிடையாது. சமூகத்தின் முதல் அலகு குடும்பம், எந்தச் சட்டமானாலும் திட்டமானாலும் அது வீட்டைப் பலப்படுத்துகிறதா என்று பார்த்துத்தான் ஆதரிக்க வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. மதுக்கடை எங்கே இருக்கலாம், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்த எங்கள் முன்னால் இப்போது இணையம் வந்து நிற்கிறது.

எங்கள் பகுதியில் கேபிள் நடத்துபவர் நல்ல எண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். எல்லா வீட்டு இணைப்பையும் ஆபாசத் தளங்கள் போன்றவை திறக்காத, வடிகட்டிய இணைப்பாக மாற்றிவிடலாம், வேண்டாம் என்கிறவர்கள் மட்டும் எழுதிக் கொடுக்கட்டும் என்றார். பெற்றோர் சிலர் வேறு மாதிரிக் கேட்டார்கள்: படிப்புக்கு வேண்டிய தளங்கள் மட்டும் திறக்கிற மலிவான பேக் ஒன்று கிடைத்தால் போதும். மூன்றாவது யோசனை, இணைப்பு இப்போது போலவே திறந்தே இருக்கட்டும், வடிகட்டி வேண்டும் என்கிற வீடு கேட்டுப் போட்டுக்கொள்ளட்டும் என்பது. முதல் இரண்டும் இணையச் சமநிலையோடு, அதாவது நெட் நியூட்ராலிட்டியோடு, மோதுகின்றன. மூன்றாவது மோதவில்லை. நான் மூன்றாவதன் பக்கம் நிற்கிறேன். அதிலும் சிரமங்கள் உண்டு, அவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

கம்பிக்காரருக்குப் போட்ட கட்டு

ஆழியாற்றுத் தண்ணீரை நம்பி விவசாயம் பார்ப்பவர்களுக்கு இணையச் சமநிலையை விளக்குவது சுலபம். பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தம் 1970-ல் கையெழுத்தானது. கேரளத்துக்கு வருடம் 7.25 டிஎம்சி தண்ணீர் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனாலும் கோடை வந்தால் எல்லாரும் கேட்பது மேலே ஷட்டர் யார் கையில் இருக்கிறது என்றுதான். தண்ணீரை அளந்து விடுவது ஷட்டர்காரரின் வேலை. இந்தப் பயிருக்கு விடுவேன், அந்தப் பயிருக்கு விடமாட்டேன் என்று அவர் சொல்ல ஆரம்பித்தால், கடைமடைக்காரர் தன் நிலத்தில் எதை விதைப்பது என்பதையே அவரிடம் கேட்க வேண்டிவரும்.

இணையச் சமநிலை என்பது ஷட்டர்காரருக்குப் போடும் கட்டு. கம்பியோ டவரோ வைத்திருக்கும் நிறுவனம் எந்தத் தளத்தையும் தானாகத் தடுக்கக் கூடாது, வேண்டுமென்று மெதுவாக்கக் கூடாது, காசு வாங்கிக்கொண்டு ஒன்றை முன்னால் விடக் கூடாது. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் டிம் வூ 2003-ல் இந்தக் கருத்துக்குப் பெயர் வைத்தார். இந்தியாவில் 2015 மார்ச்சில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் இதைப் பற்றிக் கருத்துக் கேட்டபோது 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் போய்ச் சேர்ந்தன. 2016 பிப்ரவரி 8-ல், தளத்துக்குத் தளம் வேறு கட்டணம் வாங்குவதை டிராய் தடை செய்தது. 2018 ஜூலையில் பாரபட்சம் கூடாது என்ற நிபந்தனைக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்து, அது தொலைத்தொடர்பு உரிமங்களிலேயே ஏறியது. நீதிமன்றமோ அரசோ சட்டப்படி உத்தரவிட்டால் தடுக்கலாம், நெரிசலைச் சமாளிக்க நியாயமான ஏற்பாடு செய்யலாம். இதுபோன்ற விலக்குகள் அதில் உண்டு. குழந்தைகளை வைத்து எடுக்கும் ஆபாசத்தைத் தடுக்க இணையச் சமநிலை ஒருநாளும் குறுக்கே நின்றதில்லை. இதைத் தெரியாமல்தான் எங்கள் கூட்டத்தில் பாதி வாக்குவாதம் நடந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே பிரித்துப் பார்த்துவிட வேண்டும். இந்தக் கட்டு கம்பிக்காரருக்கு மட்டும்தான். யூடியூபுக்கோ இன்ஸ்டாகிராமுக்கோ இல்லை. பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்கும் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே இருக்கிறான் என்றால் அது அந்தச் செயலி செய்து வைத்திருக்கும் ஏற்பாடு. கம்பியைத் திருத்தினால் அது திருந்தாது. அதற்கான சட்டம் வேறு. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவைத் தொடப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்றும், அவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது என்றும் சொல்கிறது. குடும்பத்துக்காகப் பேசுபவர்கள் குரலை உயர்த்த வேண்டிய இடம் அது.

குடும்பம் முதல் என்கிறவர்களுக்குள் இரண்டு குரல்

இந்தச் சிந்தனைக்கு உலகம் முழுக்க வேர் இருக்கிறது. 1948-ன் மனித உரிமைப் பிரகடனம் 16-ஆம் பிரிவில், குடும்பம் சமூகத்தின் இயல்பான, அடிப்படையான அலகு, அதற்குச் சமூகமும் அரசும் பாதுகாப்புத் தர வேண்டும் என்கிறது. போப் பதினொன்றாம் பத்திநாதர் 1931-ல் வெளியிட்ட சுற்றுமடல் இன்னொரு விதியைச் சேர்த்தது: சிறிய அமைப்பு தானே செய்துகொள்ளக்கூடிய வேலையைப் பெரிய அமைப்பு பிடுங்கிக்கொள்ளக் கூடாது. சீர்திருத்தக் கிறிஸ்தவரான ஆபிரகாம் கைப்பர் நெதர்லாந்தில் ஏறக்குறைய இதையே வேறு வழியில் சொன்னார். அரசுக்கு ஓர் எல்லை, சபைக்கு ஓர் எல்லை, குடும்பத்துக்கு ஓர் எல்லை, ஒன்று மற்றதன் எல்லைக்குள் வரக் கூடாது என்றார்.

கேரளத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. 1998-ல் தொடங்கிய பெண்கள் சுயஉதவித் திட்டமான குடும்பஸ்ரீயின் அமைப்பே இப்படித்தான். பத்து முதல் இருபது வீட்டுப் பெண்கள் சேர்ந்த அயல்கூட்டம் அடியில், வார்டு அளவில் ஒன்று, பஞ்சாயத்து அளவில் ஒன்று என்று மூன்று அடுக்கு. கீழே முடிகிற விஷயம் மேலே போவதில்லை.

ஆனால் மனித உரிமைப் பிரகடனம் பேசும் பாதுகாப்பும், 1931 சுற்றுமடல் பேசும் அதிகாரமும் இணையம் என்று வரும்போது ஒன்றையொன்று இழுக்கின்றன. பாதுகாப்புக் குரல் சொல்கிறது: வெளியிலிருந்து வீட்டுக்குள் அழுக்கு வருகிறது, வாசலிலேயே நிறுத்துங்கள், அரசோ கம்பெனியோ யார் நிறுத்தினாலும் சரி. அதிகாரக் குரல் சொல்கிறது: என் பிள்ளைக்கு எது ஆகும், எது ஆகாது என்று முடிவு செய்ய வேண்டியது நான், அந்த வேலையை வேறு எவரிடமும் ஒப்படைக்க மாட்டேன். இரண்டும் பிள்ளைமேல் உள்ள அக்கறையிலிருந்துதான் வருகின்றன. யாரையும் பொறுப்பில்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் இல்லை.

இந்த இழுபறி மற்ற நாடுகளில் எப்படிப் போனது என்று பார்த்தபோது எனக்கு ஆச்சரியம் தந்தது அமெரிக்கா. குடும்ப விழுமியங்களுக்காகப் பேசும் வலதுசாரி அமைப்பான கிறிஸ்டியன் கோயலிஷன் 2006-லேயே இணையச் சமநிலைக்கு ஆதரவாக, தன் அரசியல் எதிரிகளான இடதுசாரி அமைப்புகளோடு ஒரே கூட்டணியில் சேர்ந்தது. காரணம் எளிது. இன்று கம்பெனி வேறொருவர் பேச்சைத் தடுத்தால், நாளை நம் ஜெப அழைப்பையும் தடுக்கும். 2007-ல் இரண்டு சம்பவங்கள் அந்தப் பயம் வெறும் கற்பனை இல்லை என்று காட்டின. கருக்கலைப்பு உரிமைக்காகப் பேசும் நாரல் அமைப்பின் குறுஞ்செய்திச் சேவையை வெரைசன் தொலைபேசி நிறுவனம் முதலில் ஏற்க மறுத்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. அதே இலையுதிர் காலத்தில் காம்காஸ்ட் இணைய நிறுவனம் பிட்டோரண்ட் என்ற கோப்புப் பகிர்வு முறையில் நடக்கும் பரிமாற்றங்களை இடையில் துண்டிக்கிறது என்று ஏபி செய்தி நிறுவனம் சோதித்துக் காட்டியது. சோதனைக்கு அவர்கள் அனுப்பிப் பார்த்த கோப்பு கிங் ஜேம்ஸ் பைபிள். அந்தச் சமயத்தில்தான் கிறிஸ்டியன் கோயலிஷன் தலைவரும் நாரல் தலைவரும் சேர்ந்து வாஷிங்டன் போஸ்டில் ஒரே கட்டுரை எழுதினார்கள். வேறு எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பேர், கம்பி நம் பேச்சில் தலையிடக் கூடாது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் இணையச் சமநிலையை ஆதரித்திருக்கிறது. வேகத்தைக் காசு கொடுத்து வாங்க கோயிலுக்கும் பள்ளிக்கும் வசதி இருக்காது என்பது அவர்கள் கவலை. ஆனால் பின்னாளில் இந்த விஷயம் அங்கே கட்சிச் சண்டையாகிவிட்டது. 2015-ல் வந்த விதியை 2017-ல் எடுத்தார்கள், 2024-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 2025 ஜனவரியில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. குடும்பம் முதல் என்ற கொள்கையை ஒரு கட்சியின் வண்டியில் ஏற்றினால், கட்சி திரும்பும் பக்கமெல்லாம் கொள்கையும் திரும்ப வேண்டிவரும். எங்கள் குழு கட்சி சாராமல் இருப்பது நல்லது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எங்கள் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது நெதர்லாந்து. ஐரோப்பாவில் முதன்முதலாக இணையச் சமநிலைச் சட்டத்துக்கு 2011-ல் வாக்களித்தது அந்த நாட்டு நாடாளுமன்றம். அங்கே எஸ்ஜிபி என்று சிறிய சீர்திருத்தக் கிறிஸ்தவக் கட்சி ஒன்று இருக்கிறது, 1918-ல் தொடங்கியது, குடும்பத்தையும் வேதத்தையும் நடுவில் வைப்பது. அந்தக் கட்சியினர் திருத்தம் ஒன்று கொண்டுவந்தார்கள். தங்கள் நம்பிக்கைக்கு ஏற்ப வடிகட்டிய இணைப்பை விரும்பிக் கேட்கும் குடும்பங்களுக்கு அப்படி ஒன்றைத் தர நிறுவனத்துக்கு அனுமதி வேண்டும் என்பது அதன் சாரம். என்னைப் பொறுத்தவரை அது மதிக்கத்தக்க கோரிக்கை. என் வீட்டுக்கு இது வேண்டும், அதைத் தர வழிவிடுங்கள் என்று கேட்டார்கள். ஊருக்கே வடிகட்டி போடுங்கள் என்று கேட்கவில்லை.

எல்லா வீட்டுக்கும் முன்கூட்டியே வடிகட்டி

இனி முதல் யோசனைக்கு வருகிறேன். இதைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு பிரிட்டன். 2013 ஜூலையில் அப்போதைய பிரதமர் டேவிட் கேமரூன், நாட்டின் நான்கு பெரிய இணைய நிறுவனங்களும் குடும்பங்களுக்கான வடிகட்டியைப் புதிய வாடிக்கையாளர்கள் முன் வைக்கும் என்று அறிவித்தார். பெட்டி ஏற்கெனவே டிக் செய்யப்பட்டிருக்கும், வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். ஏறக்குறைய எங்கள் கேபிள்காரர் சொன்னதேதான்.

ஒரு வருடம் கழித்து, 2014 ஜூலையில், ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் கணக்கு வெளியிட்டது. வடிகட்டியை வைத்துக்கொண்ட புதிய வாடிக்கையாளர்கள் வர்ஜின் மீடியாவில் 4 சதவீதம், பிடி (BT) நிறுவனத்தில் 5, ஸ்கையில் 8, டாக்டாக்கில் 36. டாக்டாக்கை விட்டுப் பார்த்தால் பத்தில் ஒரு வீடுகூட இல்லை. பெற்றோர் அக்கறை இல்லாதவர்கள் என்று இதைப் படிக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் இல்லாத வீடுகள் உண்டு, போன் அளவிலேயே கட்டுப்பாடு போட்டுக்கொண்ட வீடுகள் உண்டு, வடிகட்டி தேவையான தளங்களையும் மறைக்கிறது என்று எரிச்சலடைந்த வீடுகளும் இருந்திருக்கும்.

தேவையான தளங்கள் மறைவதுதான் எனக்குப் பெரிய கவலை. 2013 டிசம்பரில் பிபிசி சோதித்துப் பார்த்தபோது, பாலியல் கல்வித் தளங்களும், பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கு உதவும் மையங்களின் தளங்களும் சில நிறுவனங்களின் வடிகட்டியில் சிக்கியிருந்தன. நம் நாட்டிலும் 2015 ஜூலை கடைசியில் 857 தளங்களைத் தடுக்க உத்தரவு வந்தபோது, ஆபாசத்தோடு சம்பந்தமே இல்லாத நகைச்சுவைத் தளங்களும் பட்டியலில் இருந்தன. சில நாட்களிலேயே அரசு அந்த உத்தரவைத் தளர்த்தியது. பிழை ஏன் வருகிறது என்பதற்குக் காரணம் உண்டு. இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கத்தோடு (என்கிரிப்ஷன்) வருவதால், எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது கம்பிக்காரருக்குத் தெரியும், அதற்குள் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்பது தெரியாது. அதனால் தடுத்தால் தளம் முழுவதையும் தடுக்க வேண்டும், விட்டால் முழுவதையும் விட வேண்டும். யூடியூபை எந்த ஊரிலும் தடுக்க மாட்டார்கள், அதற்குள் இருப்பது எல்லாம் உள்ளே வரும். ஒரு சின்ன உதவி மையத்தின் தளம் வெளியே நிற்கும்.

குடும்பத்தின் பெயரால் பேசும் நாங்கள் இதைத் துணிந்து சொல்ல வேண்டும்: எல்லா வீடும் பாதுகாப்பான வீடு இல்லை. அடி வாங்கும் பெண் 181 என்ற பெண்கள் உதவி எண்ணைத் தேடுவதும், பயந்துபோன பிள்ளை 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தேடுவதும் பெரும்பாலும் வீட்டில் இருக்கும் ஒரே போனில்தான். அந்தத் தேடலுக்குக் குறுக்கே வரக்கூடிய எதையும், தவறுதலாக வந்தாலும்கூட, ஊர் முழுக்கப் பரப்ப எனக்குச் சம்மதம் இல்லை. குடும்பத்தைக் காப்பது என்றால் அதற்குள் இருக்கும் மிகவும் பலவீனமான ஆளைக் காப்பது என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

அப்புறம் எழுதிக் கொடுப்பது என்ற நிபந்தனை. எங்கள் ஊர் சின்னது. "எங்கள் வீட்டுக்கு வடிகட்டி வேண்டாம்" என்று கையெழுத்துப் போட்டுக் கேபிள்காரரிடம் கொடுக்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? அந்தத் தாளைப் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நர்சிங் படிக்கும் பெண்ணுக்கு உடற்கூறு பற்றிய தளம் திறக்கவில்லை என்பதற்காகக் கேட்டாலும் பேச்சு வேறு மாதிரித்தான் போகும்.

கூட்டத்தில் இதற்கு எதிராக வந்த வலுவான வாதத்தையும் சொல்ல வேண்டும். இங்கே பல வீடுகளில் அப்பா கோயம்புத்தூருக்கோ பொள்ளாச்சிக்கோ வேலைக்குப் போய்விடுகிறார், அம்மாவும் வேலைக்குப் போகிறார், பிள்ளைகள் அப்பச்சி அம்மிச்சி கையில் வளர்கிறார்கள். அந்த வயதானவர்களுக்கு செட்டிங்ஸ் என்றால் என்னவென்று தெரியாது. தானாக வரும் வடிகட்டி அவர்களுக்குத்தான் அதிகம் உதவும் என்றார் ஒரு நண்பர். நியாயம்தான், நானும் யோசித்தேன். ஆனால் அதே கூட்டத்தில் பேத்தியை வளர்க்கும் ஓர் அம்மிச்சி சொன்னது வேறு: "கேபிள்காரன் என்னத்துக்குக் கண்ணு எம் பேத்திக்குக் காவலிருக்கோணும்? நான் இருக்கறனல்லோ. எப்புடிப் போடறதுன்னு எனக்குச் சொல்லிக் குடு." செட்டிங்ஸ் தெரியாது என்று நாங்கள் யாருக்காகக் கவலைப்பட்டோமோ அவரே கற்றுக்கொடு என்கிறார். அவரிடமிருந்து முடிவெடுக்கும் இடத்தைப் பறித்துவிட்டு, அதற்குக் குடும்பப் பாதுகாப்பு என்று பெயர் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

மலிவான படிப்பு பேக்

இரண்டாவது யோசனை வயிற்றைப் பற்றியது. ரீசார்ஜ் விலை ஏறிக்கொண்டே போகிறது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, படிப்புத் தளங்கள் மட்டும் திறக்கும் மலிவான பேக் என்றால் அது பெரிய ஆறுதல். ஆபாசமும் வராது, விளையாட்டும் வராது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று தோன்றும்.

இதே ஆறுதலோடுதான் 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாக, பிறகு ஃப்ரீ பேசிக்ஸ் என்று பெயர் மாறிய சேவையைக் கொண்டுவந்தது. தேர்ந்தெடுத்த சில தளங்கள் இலவசம், மற்றவை காசுக்கு. அடுத்து ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ அறிவிப்பு வந்தது. நிறுவனங்கள் காசு கட்டினால் அவற்றின் தளம் வாடிக்கையாளருக்கு இலவசம். எதிர்ப்பைப் பார்த்து ஃபிளிப்கார்ட் அதிலிருந்து விலகியது. 2016 பிப்ரவரி விதி இந்த வகையையே மூடியது. மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாய் அபராதம், அதிகபட்சம் 50 லட்சம்.

இந்தத் தடை எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு எதிரானது என்று தோன்றலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. பேக்கில் எந்தத் தளம் இருக்கும் என்று யார் முடிவு செய்வார்கள்? கேரளத்தில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை எண்ணிக்கையில் சிறுபான்மை. தேர்வுப் பயிற்சி விற்கும் பெரிய கம்பெனி பேக்கில் நிச்சயம் இருக்கும். கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் தமிழில் பாடம் எடுத்து வீடியோ போடும் ஆசிரியரின் பக்கம் இருக்குமா? கொரோனா காலத்தில் என் அக்கா மகளுக்குப் படிப்பு நின்றுபோகாமல் காத்தது அப்படிப்பட்ட ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய இணைப்புகள்தான். எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் அவர்கள் பெயர் வந்திருக்காது. பட்டியல் போடுபவருக்குத் தமிழ்வழிப் பிள்ளை என்று ஒருத்தி இருப்பதே தெரிந்திருக்காது.

விலைதான் பிரச்சினை என்றால், எந்தத் தளத்துக்கும் செலவழிக்கக்கூடிய டேட்டாவாகக் கொடுங்கள் என்று கேட்கலாம். டிராய் 2016 டிசம்பரில் கிராமப்புறச் சந்தாதாரர்களுக்கு மாதம் 100 எம்பி டேட்டா இலவசமாகத் தரலாம் என்று பரிந்துரைத்தது. அளவு இன்றைக்குச் சிரிப்புக்கு இடமானதாகத் தெரியலாம், அந்தப் பரிந்துரையின் திசை சரி. உதவியைக் குடும்பத்தின் கையில் கொடு, எதற்குச் செலவழிப்பது என்பதைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும்.

குடும்பத்தைப் பாதுகாப்போம் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்த ஹங்கேரியில் இருந்தும் ஓர் உதாரணம் உண்டு. அங்கே டெலினார் நிறுவனம் விற்ற பேக்கில், டேட்டா தீர்ந்த பிறகும் சில அரட்டைச் செயலிகளும் பாட்டுச் செயலிகளும் முழு வேகத்தில் ஓடும், மற்றதெல்லாம் மெதுவாகும். ஐரோப்பிய நீதிமன்றம் 2020 செப்டம்பரில் இது இணையச் சமநிலை விதிக்கு எதிரானது என்றது. டேட்டா தீர்ந்த வீட்டில் பிள்ளைக்குப் பாட்டு ஓடும், பள்ளித் தளம் ஓடாது என்றால் எந்தப் பெற்றோர் அதைக் கேட்டு வாங்குவார்கள்?

நாலாவதாக ஒருவர், விதியே வேண்டாம், பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளலாம் என்றார். எங்கள் தெருவுக்குக் கம்பி கொண்டுவருபவர் ஒருவர்தான். மாறுவதற்கு இன்னொருவர் இல்லாத இடத்தில் அந்தப் பேச்சுக்குப் பொருள் இல்லை.

திறந்த கம்பி, வீடு கேட்டால் வடிகட்டி

மூன்றாவது யோசனைப்படி கேபிள்காரர் எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி இணைப்பைத் தருவார். வடிகட்டி கேட்கும் வீட்டுக்கு ரூட்டரில் போட்டுக் கொடுப்பார், எடு என்றால் எடுப்பார். இது நடக்கக்கூடியதுதான். கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று ஓர் இலவச டிஎன்எஸ் சேவையை, அதாவது தளத்தின் பெயரை வைத்து அதன் முகவரியைத் தேடிக் கொடுக்கும் சேவையை, தொடங்கியது. ரூட்டரின் டிஎன்எஸ் கட்டத்தில் 1.1.1.3 என்று போட்டால் தீங்கான மென்பொருள் தளங்களும் ஆபாசத் தளங்களும் அந்த வீட்டு வைஃபையில் திறக்காது. காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால், ஏர்டெல் தன் ஃபைபர் வாடிக்கையாளர்களுக்கு மாதம் 99 ரூபாய்க்கு இப்படி ஒரு சேவையை 2021-ல் கொண்டுவந்தது. போனில் கூகுளின் ஃபேமிலி லிங்க் போட்டால், எந்தச் செயலி, எவ்வளவு நேரம் என்று பெற்றோர் தீர்மானிக்கலாம்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. ரூட்டரில் போட்டது வைஃபைக்கு மட்டும்தான், மொபைல் டேட்டாவுக்கு மாறினால் அது இல்லை. விபிஎன், அதாவது தடையைச் சுற்றிக்கொண்டு போகும் செயலி, போடத் தெரிந்த பதினாறு வயதுப் பையனை இது தடுக்காது. ராத்திரி பத்து மணிக்கு மேல் இந்தப் போனுக்கு இணைப்பு இல்லை என்று ரூட்டரில் கட்டுப்பாடு வைத்தாலும், புதிய போன்கள் தங்கள் அடையாள எண்ணை மாற்றிக்கொள்வதால் அது நழுவிவிடும். அந்த மாற்றத்தைப் போனிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். ஆனால் கேபிள்காரர் ஊருக்கே போடும் வடிகட்டிக்கும் முதல் இரண்டு ஓட்டைகள் அப்படியே உண்டு. வித்தியாசம் என்னவென்றால், தானாக வந்த வடிகட்டி இருக்கும் வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நம்பிப் பெரியவர்கள் பேசாமல் இருந்துவிடுவார்கள். தாங்களே போட்ட வீட்டில் ஓட்டை எங்கே என்று தெரிந்திருக்கும், பிள்ளையோடு ஒருமுறையாவது அதைப் பற்றிப் பேசியும் இருப்பார்கள்.

பிள்ளை வளரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். எட்டு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் ஒரே வடிகட்டி பொருந்தாது. பதினெட்டுக்கு மேல் பேச்சே வேறு. கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரி விடுதியில் போன் கட்டுப்பாட்டை ஏற்க மறுத்ததற்காக வெளியேற்றப்பட்ட மாணவி ஃபஹீமா ஷிரினின் வழக்கில், 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இணையத்தைப் பயன்படுத்துவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்றது. விடுதியில் இருப்பவர்கள் முடிவெடுக்கத் தெரிந்த வயது வந்தவர்கள் என்பதைக் கல்லூரியும் பெற்றோரும் உணர வேண்டும் என்றும் சொன்னது. எங்கள் குழுவில் சிலருக்கு இந்தத் தீர்ப்பு கசந்தது. எனக்கு அது குடும்பத்துக்கு எதிரானதாகத் தெரியவில்லை. வளர்ந்த மகளின் நம்பிக்கையைச் சம்பாதித்து வைத்திருக்கும் வீட்டுக்குத் தீர்ப்பால் எந்த நஷ்டமும் இல்லை.

அரசே கம்பி இழுக்கும்போது இந்தக் கேள்வி இன்னும் கனமாகும். கேரள அரசின் இணைய இணைப்புத் திட்டமான கே-ஃபோன் 2023 ஜூன் 5-ல் தொடங்கியது. 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் இலக்கு, முதல் கட்டமாக 140 தொகுதிகளிலும் நூறு நூறு வீடுகள். இலவசமாக வாங்குகிறவர்தானே, என்ன பார்க்கலாம் என்பதை நாம் முடிவு செய்வோம் என்ற எண்ணம் அதிகாரிகளுக்கு வராமல் இருக்க வேண்டும். காசு கட்டும் வீட்டுக்கு உள்ள உரிமை இலவச இணைப்பு வாங்கும் வீட்டுக்கும் உண்டு. ஏழை வீட்டுத் தாய்க்குத் தன் பிள்ளையைப் பற்றித் தெரியாது என்று எடுத்துக்கொள்வதைவிடக் குடும்பத்துக்குப் பெரிய அவமதிப்பு வேறு இல்லை.

ஆகவே கேபிள்காரருக்குக் கொடுக்க நான் எழுதி வைத்திருக்கும் வரைவு இது. புது இணைப்பு கொடுக்கும்போது ஒவ்வொரு வீட்டிலும், வடிகட்டி வேண்டுமா என்று தமிழிலும் மலையாளத்திலும் கேட்க வேண்டும். முன்கூட்டியே டிக் போட்டு வைக்கக் கூடாது. வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அதைத் தாளில் எழுதி வாங்கக் கூடாது. எந்த வீடு என்ன பார்த்தது என்ற பட்டியலை வைத்திருக்கக் கூடாது, வீட்டுத் தலைவர் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. ஏதாவது தளம் தவறாக மறைந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது என்று பில்லிலேயே அச்சிட வேண்டும்.

எங்கள் பக்க வேலையும் இருக்கிறது. அயல்கூட்டம் கூடும்போது அரைமணி நேரம் ஒதுக்கி, ரூட்டரில் எண் மாற்றுவதையும் ஃபேமிலி லிங்க் போடுவதையும் அம்மாக்களுக்கும் அம்மிச்சிகளுக்கும் அவர்கள் கையாலேயே செய்ய வைத்துக் கற்றுத்தர வேண்டும். இரண்டு கல்லூரிப் பெண்கள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். டிராய் அடுத்து கருத்துக் கேட்கும்போது அனுப்ப, வீட்டார் கேட்டு வாங்கும் வடிகட்டியை அனுமதியுங்கள், கேட்காமல் போடுவதை அனுமதிக்காதீர்கள் என்று ஒரு கடிதமும் தயாராகிறது. கேபிள்காரர் வரைவைப் படித்துவிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஆள் அனுப்பி ரூட்டரில் மாற்றித் தர ஒரு தொகை கேட்கிறார். அவர் பக்கமும் நியாயம் உண்டு. பெட்ரோல் செலவை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பேசிப் பார்க்கப் போகிறோம்.